புக்கிட் தீமாவை வலம் வருதல்

சிங்கப்பூரில் மலை என்று சொல்லிக்கொள்ள நமக்கு இருப்பது புக்கிட் தீமா ஒன்றுதான். அதன் உயரம் 163.63 மீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதைக் குன்று என்று சொல்லவும் தயங்குவார்கள். ஆனால் இந்தத் தீவில் இயற்கையாக அமைந்த நிலத்தில் இதைவிட உயரமான இடம் வேறில்லை. வார இறுதியில் அங்கே செல்பவர்களில் பெரும்பாலோர் வருகையாளர் நிலையத்திலிருந்து தார்ச்சாலை வழியே நேராக உச்சிக்கு ஏறி, உயரம் எழுதப்பட்ட பாறையின் அருகில் படம் எடுத்துக்கொண்டு, ஏறிய வழியிலேயே இறங்கி, பகல் உணவுக்கு முன் வீடு திரும்பிவிடுகிறார்கள். உடற்பயிற்சிக்கு அது போதும். அந்த மலையை அறிந்துகொள்வதற்கு அது போதாது என்பதே என் எண்ணம்.

மலையை ஏறுவதைவிட அதைச் சுற்றி நடப்பதை உயர்வாகக் கருதிய மரபு நம்முடையது. திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் செல்பவர்கள் மலையுச்சியைத் தொட வேண்டும் என்று நினைப்பதில்லை. மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, அது பக்கத்துக்குப் பக்கம் உருமாறுவதைப் பார்த்தபடி நடப்பதே அவர்களுக்கு நிறைவு. புக்கிட் தீமாவை நான் அப்படித்தான் நடக்கிறேன். இங்கே பக்தி காரணமில்லை. இந்த மலையின் வரலாறு உச்சியில் இல்லாமல் அடிவாரத்தில் வட்டமாகச் சிதறிக் கிடக்கிறது. மேற்கே ரயில், போர், வடக்கே பசுக்கள், கருங்கல், நடுவே காடு என்று கிடக்கும் அவற்றை ஒரே நடையில் கோத்துப் பார்த்தால்தான் இந்த இடம் என்னவாக இருந்தது, எப்படி இன்றைய பசுமைக்கு வந்தது என்பது விளங்குகிறது.

வழி இதுதான். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்தில் நடையைத் தொடங்க வேண்டும். அங்கிருந்து, பழைய தண்டவாளத் தடத்தில் அமைந்த நடைபாதையான ரயில் காரிடாரில் வடக்கே சென்றால் மலை வலப்புறமாகவே கூட வரும். ரயில் மால் கடைவரிசையை அடைந்து, எதிர்ப்புறத்தில் இருக்கும் பழைய ஃபோர்டு தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு, அப்பர் புக்கிட் தீமா சாலையோரமாக நடந்து டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவுக்குள் நுழைய வேண்டும். அங்கே சிங்கப்பூர் குவாரியையும் வாலஸ் கல்வி நிலையத்தையும் பார்த்தபின், காட்டுப்பாதையில் ஏறி உச்சியைத் தொட்டு, ஹிந்தேட் குவாரிப் பக்கமாக இறங்கி, மறுபடி ரயில் காரிடாரில் சேர்ந்து புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடலாம். மொத்தம் சுமார் 12 கிலோமீட்டர். விரைந்து நடப்பவர்கள் மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றாலும், நின்று பார்ப்பவர்களுக்குக் காலை முழுவதும் தேவைப்படும், நண்பகலும் சிறிது சேரும்.

ரயில் நிலையத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. 1903இல் சிங்கப்பூருக்கு ரயில் வந்தது. 1932இல் பாதை மாற்றியமைக்கப்பட்டபோது தஞ்சோங் பகார் பெரிய நிலையத்தோடு இந்தச் சிறிய செங்கல் நிலையமும் எழுந்தது. குதிரைப் பந்தயத் திடல் அருகில் இருந்த காலத்தில் பந்தயக் குதிரைகளும் இங்கே வந்து இறங்கியிருக்கின்றன. 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயில் தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்டது. அதை ஜோகூர் சுல்தான் இப்ராஹிம் தாமே ஓட்டிச் சென்றார். பின்னர் நிலையம் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டு, செப்பனிடப்பட்டு, 2022இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஊழியர் குடியிருப்பு இப்போது காப்பிக்கடையாகிவிட்டது. மேடையும், பெயர்ப்பலகையும், சிறிது தூரத்துக்குத் தண்டவாளமும் அப்படியே இருக்கின்றன.

கடந்த முறை என்னுடன் சித்தப்பா வந்தார். இளவயதில் குளுவாங்கிலிருந்த உறவினர் வீட்டுக்கு இந்த ரயிலில் அடிக்கடி போய் வந்தவர். மேடையின் ஓரத்தில் நின்று, தண்டவாளத்தை நோக்கிக் கையை நீட்டிக் காட்டினார்.

"இங்க ரயில் வேகத்தைக் குறைக்கும், தம்பி. ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்தத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நிப்பாரு. டிரைவர் கையை வெளிய நீட்டி வாங்கிக்குவாரு. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா எங்கப்பா அதட்டுவாரு."

"எதுக்கு வளையம், சித்தப்பா?"

"அதுல சாவி இருக்கும். சாவி இல்லாம அந்தப் பக்கம் போக முடியாது."

அவர் சொன்னதன் பின்னால் எளிய, நுட்பமான ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு ரயில்கள் வந்துவிடக் கூடாது என்பதற்காகப் பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒரு பகுதிக்கு ஒரே ஓர் உலோகச் சாவி மட்டும் வெளியே எடுக்க முடியுமாறு இரு முனைகளிலும் இருந்த கருவிகளை இணைத்திருந்தார்கள். அந்தச் சாவியைக் கையில் பெறாத ஓட்டுநர் அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது. சாவியைச் சிறு பையில் போட்டுப் பெரிய வளையத்தில் மாட்டியிருந்ததால், ரயில் முழுவதுமாக நிற்காமலேயே அதைக் கைமாற்றிக்கொள்ள முடிந்தது. உலகின் பல பாகங்களில் மறைந்துவிட்ட இந்த முறை, 2011 வரை இந்த மேடையில் நடந்துகொண்டிருந்தது. நகரத்தின் நடுவே எம்ஆர்டி ரயில்கள் ஓட்டுநர் இல்லாமலேயே ஓடத் தொடங்கிவிட்ட காலத்திலும், இங்கே ஒருவர் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நின்றார்.

இந்த ரயில் பாதையில் நம்மவர்களின் உழைப்பு நிறைந்திருக்கிறது. மலாயா முழுவதும் தண்டவாளம் பதித்தவர்களிலும் அதைப் பராமரித்தவர்களிலும் தமிழர்கள் பெருந்தொகையினர். அவர்கள் விட்டுச்சென்ற தடயங்களில் ஒன்று இந்த வட்டத்துக்கு வெளியே, இதே பாதையின் தெற்குப் பகுதியை ஒட்டி, குவீன்ஸ்டவுனில் இருக்கிறது. காமன்வெல்த் டிரைவில் இன்று கோபுரத்தோடு நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம், 1932ஆம் ஆண்டுவாக்கில் ரயில்வே ஊழியர்கள் தண்டவாளத்தின் அருகே சிறு குடிலாக எழுப்பிய வழிபாட்டிடத்திலிருந்து வளர்ந்தது. பாதைக்குக் காவலாக முனியாண்டியை நிறுத்திவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். புக்கிட் தீமாவில் நிற்கும்போது எனக்கு அந்த நினைவு வராமல் இருப்பதில்லை. சித்தப்பாவின் தலைமுறையில் ரயில்வேயில் வேலை பார்த்தவர்களோ, அவர்களின் பிள்ளைகளோ நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நிலையத்தை விட்டதும் சாலைக்கு மேலே கறுத்த இரும்புச் சட்டப் பாலம் வருகிறது. அதைக் கடந்தபின் ரயில் காரிடார் புல்லும் செம்மண்ணும் கலந்த அகலமான பாதையாக மலையின் காலடியை ஒட்டிச் செல்கிறது. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த நிலம், ரயில் நின்றபின் துண்டு துண்டாகக் கட்டடங்களுக்குப் போயிருக்கலாம். சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010இல் முன்வைத்த பசுமைப் பாதைத் திட்டமும், அதற்குப் பொதுமக்கள் அளித்த ஆதரவும், அரசாங்கம் அதற்குச் செவிசாய்த்ததும் சேர்ந்தே இதைத் தொடர்ச்சியான ஒரே பாதையாக நமக்கு விட்டுவைத்தன. இந்த வட்டத்தின் மேற்குப் பக்கம் முழுவதும் நாம் நடக்க முடிவது அதனால்தான்.

பாதையோர மரங்களைக் காடு என்று எண்ணிவிடக் கூடாது. வானளாவ நிற்கும் அல்பீசியா மரங்கள் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. கைவிடப்பட்ட நிலத்தில் விரைவாக வளர்பவை. பலத்த காற்றில் கிளை முறிபவை. அவற்றின் நடுவே வாழையும், மரவள்ளியும், எப்போதோ யாரோ வைத்த மாமரமும் தென்படும். கருங்கழுத்து மாங்குயிலின் குரலைக் காலையில் கேட்காமல் இந்தப் பாதையைக் கடக்க முடியாது. மலையின் உள்ளே இருக்கும் காட்டுக்கும் இந்த ஓரத்துக் காட்டுக்கும் உள்ள வேறுபாடு சில மணி நேரம் கழித்து நன்றாகவே தெரியும். அதற்காகவாவது இங்கே சற்று நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

ரயில் மாலை நெருங்கும்போது இரண்டாவது இரும்புப் பாலம் அப்பர் புக்கிட் தீமா சாலையைக் கடக்கிறது. அங்கே இறங்கி, சாலையின் மறுபுறம் சிறிது தூரம் நடந்தால் பழைய ஃபோர்டு தொழிற்சாலை. 1941இல் திறக்கப்பட்ட இந்த ஆலை தென்கிழக்காசியாவில் ஃபோர்டு நிறுவனத்தின் முதல் கார் பொருத்தும் ஆலை. சில மாதங்களிலேயே போர் வந்தது. 1942 பிப்ரவரி 10, 11ஆம் தேதிகளில் புக்கிட் தீமாவைச் சுற்றிக் கடும் சண்டை நடந்து, உணவு, எரிபொருள் கிடங்குகள் இருந்த இந்தப் பகுதி ஜப்பானியர் வசமானது. பிப்ரவரி 15ஆம் தேதி மாலை இதே ஆலையின் கூட்ட அறையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் சரணடைந்தார். சரணடைந்ததற்குக் கையெழுத்திட்ட மேசையின் மாதிரிதான் இப்போது அங்கே இருக்கிறது. உண்மையான மேசை கான்பராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது. 2006இல் கட்டடம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

நடையின் நடுவில் ஒரு காட்சியகத்துக்குள் செல்வதைச் சிலர் விரும்புவதில்லை. நான் வற்புறுத்தியே அழைத்துச் செல்வேன். சிங்கப்பூரில் சரணடைந்த படையினரில் ஏறக்குறையப் பாதிப் பேர் இந்தியர்கள். இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் திடலில் அவர்கள் தனியாகத் திரட்டப்பட்டதும், அங்கிருந்து இந்திய தேசிய ராணுவம் உருவாகத் தொடங்கியதும், பின்னர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில், ஜப்பானியர் சயாமில் (தாய்லாந்தில்) போட்ட மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டதும் இந்த அறையில் இடப்பட்ட கையெழுத்தின் பின்விளைவுகள். சற்றுமுன் நாம் நடந்து வந்த தண்டவாளத் தடத்தையும், அந்த மற்றொரு தண்டவாளத்தையும் ஒன்றாக நினைக்காமல் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியேற எனக்கு இதுவரை முடிந்ததில்லை. சித்தப்பா உள்ளே நெடுநேரம் பேசவில்லை. அவருடைய தாய்மாமன் ஒருவர் சயாமுக்குப் போனவர், திரும்பாதவர்.

அங்கிருந்து டெய்ரி ஃபார்ம் வரை உள்ள சாலையோர நடையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வண்டிகளின் இரைச்சல் உண்டு, நிழல் குறைவு, கடந்துவிட வேண்டியதுதான். டெய்ரி ஃபார்ம் சாலையில் திரும்பியதும் இரைச்சல் சட்டென்று பின்தங்கிவிடுகிறது.

பெயர் சொல்வதுபோல் இது மெய்யாகவே மாட்டுப் பண்ணையாக இருந்த இடம். கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் போருக்கு முந்திய காலத்தில் ஃப்ரீசியன் பசுக்களை வரவழைத்து இங்கே வளர்த்து, சிங்கப்பூருக்குப் பதப்படுத்திய பால் தந்தது. வெப்பநாட்டில் ஐரோப்பியப் பசுக்கள் பிழைக்குமா என்ற ஐயத்துக்கு, மலைச்சரிவின் குளிர்ச்சி ஓரளவு விடையாக இருந்திருக்க வேண்டும். பண்ணை மறைந்துவிட்டது, மாட்டுத் தொழுவம் ஒன்றைத்தான் திருத்தியமைத்து, 2009இல் பூங்கா திறக்கப்பட்டபோது வாலஸ் கல்வி நிலையமாக்கினார்கள். தாழ்ந்த கூரையும் நீண்ட வடிவமும் அது முன்பு என்னவாக இருந்தது என்பதை இன்றும் மறைப்பதில்லை.

இயற்கையியல் அறிஞர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1854 ஏப்ரலில் சிங்கப்பூருக்கு வந்து, புக்கிட் தீமாவில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் நடத்திவந்த புனித சூசையப்பர் தேவாலயத்தில் தங்கிப் பூச்சிகளைச் சேகரித்தார். ஏறத்தாழ இரண்டு மாதங்களில், ஒரு சதுர மைலுக்கு மிகாத காட்டில் அவர் பிடித்த வண்டு வகைகள் மட்டும் சுமார் 700. தம் கிழக்கத்தியப் பயணங்களில் இத்தகைய வளமான இடத்தை அரிதாகவே கண்டதாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அதற்கான காரணங்களில் ஒன்றையும் அவரே சொல்கிறார்: சீன மரவெட்டிகள் ஆண்டுக்கணக்காக மரங்களை வெட்டிவந்ததால், காய்ந்தும் மட்கியும் கிடந்த இலைகளும் பட்டைகளும் மரத்தூளும் வண்டுகளுக்கு ஓயாத தீனியாக இருந்தன. அக்காட்டில் புலிகளும் இருந்தன. இலையும் குச்சியும் போட்டு மூடிய புலிக்குழிகளில் விழுந்துவிடாமல் அவர் நடக்க வேண்டியிருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1858 ஜூலை 1ஆம் தேதி, இயற்கைத் தேர்வு பற்றிய அவருடைய கட்டுரை டார்வினின் எழுத்துகளோடு சேர்த்து லண்டனில் வாசிக்கப்பட்டது. அந்தச் சிந்தனைக்குப் பின்னால் இருந்த கண்பயிற்சியில் ஒரு பங்கு இந்தச் சரிவில் கிடைத்தது என்று சொல்வது மிகையாகாது. குழந்தைகளை அழைத்து வருபவர்கள் கல்வி நிலையத்தைக் கடந்து ஓடிவிடாமல், அந்த 700 வண்டுகளின் கதையையாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இந்த நடையில் நான் மிக அதிக நேரம் நிற்கும் இடம் சிங்கப்பூர் குவாரி. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன் பூமிக்கடியில் பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து உறைந்து உருவானது புக்கிட் தீமாவின் கருங்கல். சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் அதை உடைத்து எடுத்தார்கள். 1924இல் திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலத்தில் இட்டு நிரப்பிய கல், புக்கிட் தீமாவிலிருந்தும் புலாவ் உபினிலிருந்தும் போனது. வாரந்தோறும் நம்மில் பலர் அந்தப் பாலத்தைக் கடக்கிறோம். அதன் ஒரு பகுதி இந்தப் பள்ளத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று அறிந்தபின் பாலமும் பள்ளமும் வேறாகத் தெரிகின்றன. பாறையில் துளையிட்டு, துளையில் வெடிமருந்து நிரப்பி, வெடித்துச் சரிந்ததை நொறுக்கிகளில் போட்டு, சல்லி அளவுக்குச் சலித்து லாரிகளில் ஏற்றினார்கள். தொழில் நின்றபின் பள்ளத்தில் மழைநீரும் ஊற்றுநீரும் தேங்கின. தேசியப் பூங்காக் கழகம் அதை நன்னீர்ச் சதுப்பாக மாற்றி, நீரின்மேல் பார்வை மேடை அமைத்திருக்கிறது.

மேடையில் நின்று எதிரே பார்த்தால், செங்குத்தான பாறைச்சுவர் நீரிலிருந்து நேராக மேலெழுகிறது. உடைந்த இடங்களில் கல் இன்னும் இளஞ்சாம்பல் நிறமாக இருக்கிறது. நீர் வடியும் இடங்களில் கறுத்திருக்கிறது. துரு நிறத்தில் கோடுகளும் ஓடுகின்றன. சுவரின் வெடிப்புகளில் பெரணிகள் தொற்றிக்கொண்டிருக்கின்றன. சிறு திட்டுகளில் மண் சேர்ந்து, அதில் புதர் முளைத்து, புதரின் வேர் மேலும் மண்ணைப் பிடித்து, பாறை தன் காயத்தை அடியிலிருந்தும் முடியிலிருந்தும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டு வருகிறது. வெண்மார்பு மீன்கொத்தி ஒன்று நாணல் ஓரத்துக் கிளையிலிருந்து நீரை நோக்கிப் பாய்ந்து, வெறும் அலகோடு திரும்பி, உடலை உதறிக்கொண்டு மறுபடி அதே கிளையில் அமர்ந்ததை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டாம் முறை அதற்குக் கிடைத்துவிட்டது. மீனைக் கிளையில் இருமுறை அடித்துவிட்டு, தலைப்பக்கமாக விழுங்கியது. சாம்பல் நாரை ஒன்று எதிர்க்கரையில் அசையாமல் நின்றிருந்தது.

இத்தகைய இடங்களை 'இயற்கை எழில்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதை நான் ஏற்பதில்லை. மனிதர் மலையை வெட்டித் தின்ற இடம் இது. அதன்பின் மனிதரே கைவிட்டு, மழை நிரப்பி, பறவைகள் குடியேறி, மறுபடி மனிதரே காக்கத் தொடங்கிய இடமும் இதுவே. இரண்டும் உண்மை. ஒன்றை மறைத்து மற்றொன்றைப் பாராட்டினால் குளத்தின் பாதிதான் நமக்குத் தெரியும்.

டெய்ரி ஃபார்ம் லூப் என்னும் பாதையில் ஏறத் தொடங்கினால் சிறிது நேரத்தில் காடு மாறுகிறது. வெயில் மங்குகிறது, காற்றில் ஈரம் கூடுகிறது, மரங்களின் அடிப்பகுதி அகன்றுகொண்டே போகிறது. காலையில் ரயில் பாதையோரம் பார்த்த அல்பீசியாக் காட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் புலப்படும். இது நட்டு வளர்த்த காடில்லை. சிங்கப்பூரின் தாவரவியல் பூங்கா மேற்பார்வையாளராக இருந்த நத்தானியேல் கேன்ட்லியின் பரிந்துரையின்படி 1883இல் புக்கிட் தீமா காப்புக்காடாக்கப்பட்டது. தோல் பதனிடப் பயன்பட்ட காம்பியர் செடியும் மிளகும் பயிரிடத் தீவின் பெரும்பகுதி மொட்டையடிக்கப்பட்டிருந்த காலம் அது. 1951இல் இயற்கை வனப்பகுதிகளுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. 2011இல் ஆசியான் மரபுடைமைப் பூங்கா என்ற தகுதியும் கிடைத்தது. அண்ணளவாக 163 ஹெக்டேர்தான் பரப்பு. அவ்வளவு சிறிய இடத்தில் இத்தனை பழைமையான காடு பிழைத்திருப்பது, 140 ஆண்டுகளாகப் பலர் விட்டுக்கொடுக்காமல் காத்ததன் பலன்.

இந்தக் காட்டின் பெருமரம் செராயா. மலைமுகட்டில் வளரும் இந்த மரத்தின் உச்சி தூரத்திலிருந்து பார்க்கச் சாம்பல் பூசியதுபோல் தெரியும். இது டிப்டெரோகார்ப் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்து மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. பல ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, வறட்சிக்குப் பின் ஏதோ ஓர் ஆண்டில் காட்டிலுள்ள பல மரங்களும் சேர்ந்தாற்போல் பூத்துக் காய்க்கும். எல்லாம் ஒரே நேரத்தில் உதிர்வதால், விதை தின்னும் உயிர்கள் வயிறு நிறையத் தின்றபின்னும் முளைப்பதற்கு மிச்சம் இருக்கும். விதைகளுக்கு நீண்ட இறக்கைகள் உண்டு. பாதையோரம் கிடந்த பழைய காய் ஒன்றைச் சித்தப்பா எடுத்துப் பார்த்தார். இறக்கைகள் காய்ந்து, நரம்புகள் மட்டும் வலையாக எஞ்சியிருந்தன. மேலே தூக்கிப் போட்டபோது அது அப்போதும் சுழன்றபடியே இறங்கியது. பார்த்துவிட்டு, கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டார். காப்புக்காட்டிலிருந்து காய்ந்த இலையைக்கூட எடுத்துச் செல்லக் கூடாது.

பாதையைக் குறுக்கிடும் சிற்றோடைகளில் கண்ணுக்குத் தென்படாத ஓர் உயிர் வாழ்கிறது. சிங்கப்பூர் நன்னீர் நண்டு 3 சென்டிமீட்டர் அகலம்கூட இருக்காது. 1986இல்தான் அதைத் தனி இனமாக அறிவியலில் விவரித்தவர் பேராசிரியர் பீட்டர் இங். புக்கிட் தீமாவிலும் அதன் அருகிலுள்ள சில ஓடைகளிலும் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. நாம் பாதையை விட்டு விலகி ஓடைக்குள் கால் வைத்தால், கலங்குவது ஓர் இனத்தின் மொத்த வீட்டில் ஒரு பகுதி. பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று எழுதி வைத்திருப்பதை வெறும் கட்டுப்பாடாகப் பார்க்காமல், இந்த நண்டை நினைத்து நடந்தால் போதும். 2014 முதல் 2016 வரை சரிவுகளையும் பாதைகளையும் சீரமைப்பதற்காக வனப்பகுதி மூடப்பட்டிருந்தது; அதற்கு முன் மிதிபட்டு வேர்கள் வெளித்தெரிந்த பாதைகளைப் பார்த்தவர்களுக்கு இப்போதைய பலகைப் பாதைகளின் பயன் தெரியும்.

மேலே ஏறும்போது கிழக்கிலிருந்து இடைவிடாத ஓர் ஓசை வரும். அருவி என்று முதல்முறை வருபவர்கள் நினைப்பதுண்டு. அது புக்கிட் தீமா விரைவுச்சாலை. 1980களில் போடப்பட்ட அந்தச் சாலை இந்தக் காட்டை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து துண்டித்துவிட்டது. 2013இல் சாலைக்கு மேலே மரம் நட்ட பாலம் ஒன்று விலங்குகளுக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. குறுகிய நடுப்பகுதியிலும் அதன் அகலம் 50 மீட்டர். அதில் மனிதர்களுக்கு அனுமதியில்லை. அழுங்கு என்னும் எறும்புதின்னி அதைக் கடந்துபோவது கண்காணிப்புப் படக்கருவிகளில் பதிவாகியிருக்கிறது. வெட்டிய காட்டை ஒட்டுவது எவ்வளவு கடினம் என்பதற்கும், ஒட்டிப் பார்க்க வேண்டும் என்ற மனம் நம்மிடம் இருக்கிறது என்பதற்கும் அந்தப் பாலம் சான்று.

உச்சியைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பாறை இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, மரங்கள் மறைப்பதால் காட்சி அதிகமில்லை. குரங்குகள் உண்டு. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டால் அவை அதை உணவென்றே நினைக்கும். எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வைத்து மூடிவிட வேண்டும். அவற்றுக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம், அன்பின் பெயராலும் செய்யக் கூடாதது.

இறங்கும் வழியில் ஹிந்தேட் குவாரிக்கு ஒதுங்கலாம். டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளர் ஹிந்தேடின் பெயர் தாங்கிய இந்தப் பள்ளமும் இப்போது குளம்தான். ஆனால் சிங்கப்பூர் குவாரிபோல் நீரருகே சென்று நிற்க முடியாது. பார்வை மேடையிலிருந்து பச்சை நீரும் அதைச் சூழ்ந்த கற்சுவரும் ஒரே பார்வையில் முழுமையாகத் தெரியும். உடைக்கப்பட்ட மலையின் குறுக்குவெட்டு இது: மேலே மெல்லிய மண்படலம், அதைப் பற்றிய வேர்கள், அதற்குக் கீழே முழுக்க முழுக்கக் கல். இவ்வளவு பெரிய காடு அவ்வளவு மெல்லிய மண்ணில் நிற்கிறது என்பதை இங்கே வந்துதான் நான் கண்ணால் கண்டேன்.

வருகையாளர் நிலையத்திலிருந்து ஹிந்தேட் டிரைவ் வழியே இறங்கி, ரயில் காரிடாரில் சேர்ந்து தெற்கே நடந்தால் வட்டம் நிறைவுபெறும். பெரியவர்களோடு செல்பவர்கள் இதை இரண்டு நாள் நடையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் நாள் ரயில் நிலையம் முதல் ஃபோர்டு தொழிற்சாலை வரை; அந்தப் பகுதி முழுவதும் சமதரை, ஜோகூருக்குச் செல்லும் 170ஆம் எண் பேருந்து அந்தச் சாலையில்தான் போகிறது என்பதால் திரும்புவதும் எளிது. இரண்டாம் நாள் ஹில்வியூ எம்ஆர்டியில் இறங்கி டெய்ரி ஃபார்ம் பக்கமாக ஏறி, பியூட்டி வோர்ல்ட் பக்கம் இறங்கலாம். அங்கே உணவங்காடி நிலையம் இருக்கிறது. சித்தப்பா ஏழு மணிக்கே தொடங்கிவிட வேண்டும் என்றார், அதுவே சரி. பிற்பகல் மழை மாதங்களில் காட்டுப்பாதையின் படிகள் வழுக்கும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது ரயில் மாலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.